அப்பாவின் கல்வெட்டை நீங்களே எழுதுங்கள்

யாழ்ப்பாணத்தில் கல்வெட்டு என்றால் கோயில் சுவரில் இருப்பது மட்டுமல்ல. ஒருவர் மோசம் போய், அதாவது இறந்து, முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியம் நடக்கும். அதற்கு வந்து சாப்பிட்டுப் போகிறவர்கள் கையில் கொடுத்துவிடுகிற சின்னப் புத்தகத்துக்கும் அதுதான் பெயர். அட்டையில் படம், உள்ளே திதி வெண்பா, தேவாரம் முதலான பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, புலம்பல், வம்சாவளி, கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். அட்டையில் நினைவு மலர் என்று போட்டாலும் ஊர்வாயில் அது கல்வெட்டுத்தான்.

பதினான்கு வருடமாக ஒரு அச்சகத்தில் ரைப்செற்றிங் செய்கிறேன். எண்ணிப் பார்த்ததில்லை, நானூறு கல்வெட்டாவது என் கையால் போயிருக்கும். 2024இல் என் அப்பாவுக்கு ஒன்று செய்ய உட்கார்ந்தபோதுதான் உறைத்தது, நானூறு தடவையும் ஒரே ஆளைப் பற்றித்தான் அடித்திருக்கிறேன். அருந்தவப் புதல்வராய் அவதரித்து, இளமையில் கல்வியில் சிறந்து, இல்லறத்தை நல்லறமாய் நடத்தி, இன்முகத்தோடு விருந்தோம்பி, இறைவனடி சேர்ந்த ஒருவர். பெயரும் ஊரும்தான் மாறும். ஒருமுறை அதுகூட மாறவில்லை. பழைய கோப்பைத் திறந்து அதன் மேலேயே அடித்ததில், முந்திச் செத்தவரின் ஊர் மூன்றாம் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டது. 300 பிரதி. இரவிரவாக ஸ்டிக்கர் ஒட்டினோம். அந்த வீட்டுக்காரர் என்னைத் திட்டவில்லை. "பரவாயில்லைப் பிள்ளை, மிச்சமெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றார். எனக்கு அதுதான் கூடுதலாகச் சுட்டது. மிச்சமெல்லாம் யாருக்கும் சரியாக வரக்கூடியதுதானே.

அதனால் இதை எழுதுகிறேன். பண்டிதரைப் பிடித்து எழுதுவிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. வெண்பாவுக்கு அவர் வேண்டும். வரலாற்றை மட்டும் நீங்கள் எழுதுங்கள்.

நாள் கணக்கு

முப்பத்தொரு நாள் என்பது கனக்க நாள் மாதிரித் தெரியும். இல்லை. காடாத்து, சாம்பல் அள்ளுகிற சடங்கு, முடியும்வரை ஒன்றும் செய்யாதீர்கள், செய்யவும் ஏலாது. எட்டுச் செலவன்றைக்குத் தொடங்குங்கள். அன்றைக்குத்தான் அவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்துப் படைப்போம். என்ன பிடிக்கும் என்று சமையலறையில் பெரிய வாக்குவாதமே நடக்கும். அந்த வாக்குவாதத்தைப் போனில் பதிவு செய்யுங்கள். எங்கள் வீட்டில் அக்கா முருங்கைக்காய்க் கறி என்றா. அம்மா, "உங்களுக்காகத்தான் திண்டவர், அவருக்கு முருங்கைக்காய் கண்ணிலையும் காட்டேலாது" என்றா. நாற்பது வருடமாக எங்களுக்குத் தெரியாத விஷயம். அப்பா கோதை மட்டும் உறிஞ்சிவிட்டு, உள்ளே இருப்பதை எங்கள் தட்டில் வழித்து வைப்பார். நாங்கள் அதைப் பாசம் என்று நினைத்திருந்தோம். பாசம்தான், ஆனால் பாதி.

எழுதி முடித்ததை இருபதாம் நாளுக்குள் அச்சகத்தில் கொடுங்கள். இருபத்துநாலில் புரூஃப் வந்தால் இரண்டு நாள் வாசிக்கக் கிடைக்கும். இருபத்தெட்டில் கொண்டுவந்து "நாளையிண்டைக்கு வேணும்" என்று நிற்கிறவர்களுக்குத்தான் ஊர் மாறிய கல்வெட்டு கிடைக்கும்.

என்ன கேட்பது

"அப்பா எப்படிப்பட்டவர்?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். தங்கமான மனிசன் என்பார்கள். அதை எழுதி என்ன செய்வது? "காலமை எழும்பினால் முதல் என்ன செய்வார்?" என்று கேளுங்கள். அம்மா யோசிக்காமல் சொன்னா: "கிணத்தடிக்குப் போவார். முதல் வாளி செவ்வரத்தைக்கு, ரண்டாவது தனக்கு." இப்படி ஒரு சாதாரண நாளைக் காலையிலிருந்து இரவு வரை கேட்டு வாங்குங்கள். எந்தச் சைக்கிள், எந்தப் பாதையால் வேலைக்கு, மத்தியானச் சாப்பாடு எதில் கட்டிக்கொண்டு போவார், திரும்பி வரும்போது கையில் என்ன. எங்கள் அப்பா கையில் ஒரு சரை கச்சான், தாளில் சுருட்டிய வேர்க்கடலை, இருக்கும். பாயில் கொட்டி எண்ணிப் பிரிப்பார். மிஞ்சுகிற ஒன்றிரண்டு அம்மாவுக்கு. தனக்கென்று பங்கு வைத்ததை நான் பார்த்ததில்லை. சரைத் தாளை விரித்து அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்று வாசிப்பார், அதுதான் அவர் பங்கு.

வீட்டுக்கு வெளியே இரண்டு பேரையாவது கேளுங்கள். அப்பா ஒரு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேஜர். கூட வேலை செய்தவர் ஒருவர் எட்டுச் செலவுக்கு வந்திருந்தார். யுத்தகாலப் பொருளாதாரத் தடையில் நிவாரணம் கொடுக்கும்போது, எங்கள் வீட்டு நிவாரணக் காட்டுக்குரிய (அட்டைக்குரிய) சீனியை அப்பா கடைசியாக, வரிசையில் நிற்கிற சனம் பார்க்கத்தான் நிறுப்பாராம். தராசு எப்போதும் எங்கள் பக்கம் கொஞ்சம் குறைச்சலாகவே நிற்குமாம். அம்மா இதைக் கேட்டு, "அதுதானே பாத்தன், எங்கடை சீனி மட்டும் ஏன் வெள்ளெனவே முடியிறது எண்டு" என்றா. இந்த இரண்டு பேச்சையும் அப்படியே போட்டேன். "நேர்மையின் சிகரமாய்த் திகழ்ந்தார்" என்ற வரியை எடுத்துவிட்டேன். அந்த வரியை நான் எத்தனை பேருக்கு அடித்திருப்பேனோ.

வாயால் கேட்டது போதாது. தாள்களைத் தேடுங்கள். கோயில் பற்றுச்சீட்டு, கிளினிக் கொப்பி, கடிதம், பென்சன் கடிதாசி. எங்களுக்குக் கிடைத்தது சி.ஆர். கொப்பிகள், தடித்த அட்டை போட்ட பெரிய கொப்பிகள், பதினொன்று. 1996இலிருந்து ஒவ்வொரு நாள் செலவும். பக்கம் இப்படி இருக்கும்:

மூத்தவள் செருப்பு 90/=
சின்னவள் கொப்பி 2, பென்சில் 1
தம்பி பனடோல்
சைக்கிள் ரியூப் ஒட்டு 5/=

பதினொரு கொப்பியிலும் அவருக்கென்று நான் கண்டது இரண்டு வகைச் செலவுதான், சைக்கிளும் தலைமயிர் வெட்டும். வரலாற்றின் நடுவில் ஒரு பக்கத்தை அவருடைய கையெழுத்தோடு ஸ்கான் செய்து முழுதாகப் போட்டோம். விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. முப்பத்தொன்றன்று வந்த சனம் அந்தப் பக்கத்தில்தான் நின்று நின்று வாசித்தது.

தேதிகளை ஆளின் ஞாபகத்தில் விடாதீர்கள். பிறந்த நாள் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒன்று, பள்ளிக்கூடப் பதிவில் ஒன்று என்று இருப்பது எங்கள் ஊரில் புதினமில்லை. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று எண் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்று எண்ணியது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். சரிபார்க்க அது உதவும். இலக்கத்தை மட்டும் புத்தகத்தில் போட்டுவிடாதீர்கள்.

படம் இல்லாத வீடு

இங்கே பல வீடுகளில் 1995க்கு முந்திய படம் இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை. 1995 ஒக்டோபர் 30 இரவு, இராணுவம் முன்னேறி வந்ததில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தபோது நாங்களும் கோண்டாவிலில் இருந்து வெளிக்கிட்டோம். மழை. அப்பாவின் ரலி சைக்கிளில் பாரில் நான், கரியரில் அரிசிச் சாக்கு, அதன் மேல் தம்பி. அக்காவும் அம்மாவும் நடை. நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. ஹான்டிலில் ஒரு பொலித்தீன் பை தொங்கியது, அப்பா அதை மட்டும் நனையவிடவில்லை. கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இறங்கிய பிறகுதான் அம்மா பார்த்தா. உள்ளே சங்கத்தின் நிவாரணப் பதிவேடு. கலியாண அல்பம் வீட்டு அலுமாரியில்.

அடுத்த வருடம் திரும்பிப் போனபோது அலுமாரியே இல்லை.

அம்மா இதை இருபத்தொன்பது வருடம் சொல்லிக்கொண்டிருந்தா. பதிவேடு இல்லாவிட்டால் எந்தக் குடும்பத்துக்கு எத்தனை காட் என்று காட்ட ஒன்றும் இருந்திராது என்பார் அப்பா. "ஓம், ஊருக்குக் காட் இருந்தது, எனக்குக் கலியாணம் நடந்ததுக்குத்தான் சாட்சியில்லை" என்பா அம்மா.

படத்துக்கு வருவோம். முதலில் வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களிடம் கேளுங்கள். அந்தக் காலத்தில் கலியாணம், சாமத்தியவீடு என்றால் ஒரு படம் கடிதத்தோடு வெளிநாட்டுக்குப் போயிருக்கும். இங்கே அழிந்தது அங்கே பெட்டிக்குள் கிடக்கும். லண்டனில் இருக்கிற மாமிக்கு, அப்பாவின் தங்கச்சிக்கு, போன் எடுத்தேன். அவ கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "கொப்பர் அப்பவே கேட்டு எழுதினவர் பிள்ளை. மேலை பெட்டியளுக்கை கிடக்கு, பிறகு தேடுவம் எண்டு விட்டிட்டன்" என்றா. கொப்பியை எடுத்துப் பார்த்தேன். 1997இல் மூன்று இடத்தில் "லண்டன் எயர்மெயில்" என்று இருந்தது. சுகம் விசாரித்து எழுதிய கடிதம் என்று தாண்டிப் போயிருந்தேன். அம்மாவிடம் காட்டினேன். "சொல்லியிருக்கலாமே அந்த மனிசன்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனா.

படம் அனுப்புகிறவர்களிடம் ஒன்றை அழுத்திச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், போனில் வடிவாகத் தெரியும், அச்சில் முகம் கரைந்துபோகும். டொக்கியுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள், அல்லது ஈமெயிலில். பாஸ்போட் அளவுப் படத்தை 600 டிபிஐயில் ஸ்கான் செய்ய வேண்டும், பெரிய படத்துக்கு 300 போதும். அல்பத் தாளில் ஒட்டிப்போன பழைய படத்தை உரிக்கப் போகாதீர்கள், முகம் தாளோடு போய்விடும். யன்னல் வெளிச்சத்தில் அல்பத்தைக் கிடையாக வைத்து, பிளாஷ் இல்லாமல், நேர் மேலே இருந்து எடுங்கள். மினுக்கம் தெரிந்தால் அல்பத்தைத் திருப்புங்கள், போனைச் சரிக்காதீர்கள்.

அட்டைப்படத்துக்கு ஒரு வேண்டுகோள். கோட்டும் ரையும் ஒட்டி, பின்னால் நீல மேகம் போட்டு, தலையைச் சுற்றி ஒளிவட்டம் வைத்துத் தரச்சொல்லி வருவார்கள். கேட்டால் செய்து கொடுப்பேன், அது என் வேலை. எங்கள் அப்பா கோட் போட்டதே இல்லை. சாரமும் அரைக்கைச் சேட்டுமாகச் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படத்தைத்தான் போட்டேன். தம்பி கனடா ஸ்காபரோவில் இருந்து, "என்னக்கா, சங்கக்கடைக்குப் போற மாதிரி இருக்கு" என்றான். அங்கேதானே போனவர்.

எழுதும்போது

நாலு பக்கம் போதும். பிறப்பிலிருந்து தொடங்க வேண்டுமென்று சட்டமில்லை. நான் கச்சான் சரையில் தொடங்கினேன், பிறந்த ஊர் இரண்டாம் பந்தியில் வந்தது. ஒரு நாள், ஒரு கஷ்டகாலம், ஒரு சண்டை, கடைசி மாதங்கள். இவ்வளவும் இருந்தால் ஆள் எழும்பி வருவார்.

சண்டை என்றதும் வீட்டில் பிரச்சினை வரும். அல்பத்தின் கதையை எழுதியதும் தம்பி, "செத்த மனிசனைப் பற்றிக் குறை எழுதுறதோ, அதுவும் கல்வெட்டிலை?" என்று இரண்டு நாள் பேசவில்லை. எனக்கும் பயம்தான். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எழுது. பதிவேட்டைப் பற்றியும் எழுது, அல்பத்தைப் பற்றியும் எழுது" என்றா. என் கருத்து இதுதான்: வீட்டில் உட்கார்ந்து சிரித்துச் சொல்லக்கூடிய குறை எழுதக்கூடிய குறை. காணிப் பிரச்சினை, சீதனப் பேச்சு, யார் செத்தவீட்டுக்கு வரவில்லை என்பதெல்லாம் புத்தகத்துக்கு வெளியே நிற்கட்டும்.

நோய் வருத்தத்தைப் பற்றி நீளமாக எழுதாதீர்கள். கடைசி மூன்று மாதம் எழுபத்துமூன்று வருடத்தைத் தின்றுவிடும்.

புலம்பல் பகுதியில் மனைவி, மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் என்று தனித்தனியாக வரும். முன்னைய கல்வெட்டில் இருந்து எடுத்துப் பெயரை மாற்றுவதுதான் வழக்கம். நாங்கள் பேரப்பிள்ளைகளிடம் மட்டும் விட்டோம். ஸ்காபரோவில் இருக்கிற ஒன்பது வயதுக்காரன் தமிழில் தானே எழுதி அனுப்பிய ஒரு வரி: "அப்பப்பா வீடியோ கோலில் எப்பவும் நெத்தி மட்டும் காட்டுவார்." திருத்தாமல் போட்டேன்.

திதி வெண்பாவுக்குத் தெரிந்தவரிடம் போங்கள். வருடப் பெயர், மாதம், பட்சம், திதி நாலும் அதில் வரவேண்டும். பிறகு திவசம் அந்தத் திதியில்தான். பழைய வெண்பாவில் பெயரை மாற்றிப் போட்டால் தளை உடையும், அதை வாசித்து முகம் சுளிக்கிற ஒரு ஓய்வுபெற்ற தமிழ் வாத்தியார் எந்த ஊரிலும் பந்தியில் இருப்பார். கடைசி வரியில் மூன்றே சீர் என்பதையாவது புரூஃபில் எண்ணிப் பாருங்கள். இடம் காணாது என்று வரியை மடக்கி வைக்கிறவர்கள் எங்கள் ஆட்கள்தான்.

வம்சாவளி

புத்தகத்தில் மிகச் சிக்கலான பக்கம் இதுதான். வயது ஒழுங்கில் போடுங்கள், வசதி ஒழுங்கில் அல்ல. பெட்டியும் கோடுமாக முதலில் வெறும் தாளில் கீறி, குடும்பத்துக்கு ஒருவரிடம் காட்டி, சரி என்று வட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்குங்கள். பிரிந்து போன மருமகள், மறுமணம், தத்தெடுத்த பிள்ளை எல்லாம் வரும். பிள்ளைகளின் பெயரை ஒருநாளும் விடாதீர்கள். பெரியவர்களின் கோபதாபம் பிள்ளையின் பெட்டியை அழிக்கக்கூடாது.

இறந்தவர்களின் பெயருக்கு முன் "காலஞ்சென்ற" என்று வரும். எங்கள் சித்தப்பா 2009இல் வன்னியில் காணாமல் போனவர். 2017இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கியதில் இருந்து சித்தி படத்தோடு அங்கே போய் இருந்திருக்கிறா. பெரியமாமா சொன்னார், பதினைந்து வருடமாச்சு, காலஞ்சென்ற என்று போடுவதுதான் முறை என்று. சித்தி ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தா. நான் மற்ற அடையாளம் ஒன்றும் இல்லாமல் பெயரை மட்டும் போட்டேன், உயிரோடு இருக்கிறவர்களுக்குப் போடுகிற மாதிரி. "காணாமல் போன" என்றுகூடப் போடவில்லை. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் மனைவியிடமோ தாயிடமோ கேளுங்கள். அவர்கள் சொல்வதுதான் முறை.

அச்சகத்தில்

ஏ5 அளவு, உள்ளே 80 ஜிஎஸ்எம் தாள், படப் பக்கங்களுக்கு மட்டும் ஆர்ட் பேப்பர். நடுவில் ஸ்டேப்பிள் அடிக்கிற புத்தகம் என்றால் பக்கம் நாலின் மடங்காக இருக்க வேண்டும். 28, 32, 36. முப்பது பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்தால் இரண்டு பக்கத்தைப் பூக்கூடைப் படத்தால் நிரப்புவோம். அதைவிட வெறுமையாக விடச் சொல்லுங்கள்.

நீங்கள் போனில் அடிப்பது யுனிகோட். இங்கே பல அச்சகங்களில் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில்தான் பக்கம் வைக்கிறோம். மாற்றும்போது சில எழுத்துகள் குழம்பும், கிரந்த எழுத்தை விசேஷமாகப் பாருங்கள். இடையில் ஆங்கில எழுத்தில் ஈமெயில் விலாசம் இருந்தால் அது தமிழ் எழுத்துகளாக உருண்டு கிடக்கும். ஆகவே புரூஃபைத் திரையில் பார்க்காதீர்கள், தாளில் எடுத்து, ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர் மூலத்தைப் பார்க்க வேண்டும். தேவாரத்தையும் அப்படியே. எல்லோருக்கும் பாடம் என்பதால் யாரும் வாசிப்பதில்லை, பிழை அங்கேதான் குடியிருக்கும். அழுதுகொண்டு வாசிப்பவருக்குப் பிழை தெரியாது. சொந்தக்காரர் அல்லாத ஒருவர் வாசிப்பது நல்லது. என் அப்பாவினதை நான் வாசிக்கவில்லை, கூட வேலை செய்கிற பிள்ளை வாசித்தா. பத்தொன்பது பிழை பிடித்தா.

முப்பத்தொன்றுக்குப் பிறகு

நாங்கள் 300 அடித்தோம், சாப்பாட்டோடு 240 போயிற்று. மிச்சத்தை எல்லாம் கொடுத்து முடிக்காதீர்கள், பத்துப் பிரதியாவது வீட்டில் நிற்கட்டும். ஒன்று ஊர் வாசிகசாலைக்கு. இணையத்தில் 2005இலிருந்து இயங்கும் நூலகம் எண்ணிம நூலகத்தில் நினைவு மலர்களையும் சேர்க்கிறார்கள், பிடிஎப்பை அவர்களுக்குக் கொடுக்கலாம். ஒரு சங்கக்கடை எப்படி நடந்தது, எந்தக் குறிச்சியில் யார் இருந்தார்கள் என்பதெல்லாம் வேறு எந்தப் புத்தகத்திலும் வராது.

ஒரு பிரதியைப் பேனையோடு மேசையில் போட்டு வையுங்கள். வருகிறவர்கள் திருத்துவார்கள், சண்டை பிடிக்காமல் எழுத விடுங்கள். எங்கள் பிரதியில் மாமி ஒரு வருடத்தை மாற்றியிருக்கிறா. பெரியமாமா தன் பட்டத்தைச் சேர்த்திருக்கிறார். போன மாதம் பார்த்தபோது பதினோராம் பக்கத்தில், அல்பம் அலுமாரியில் இருந்தது என்ற வரிக்குப் பக்கத்தில், அம்மாவின் கையெழுத்து இருந்தது:

"அலுமாரி இல்லை. றங்குப் பெட்டி. பூட்டியிருந்தது. அவர் கேட்டவர். திறப்பு என்னட்டை."